சேலைக்கும் அளவு வந்துவிட்டது: ஷேப்வேர் பாவாடை பற்றி ஒரு மதிப்புரை

வேலூரில் லாங் பஜார் தொடங்கிக் காட்பாடி வரையில் எந்த ஜவுளிக்கடையில் சேலை எடுத்தாலும், பில் போடுவதற்கு முன் விற்பனைப் பெண் அடுத்ததாக எடுத்து நீட்டுவது ஷேப்வேர் பாவாடையாகத்தான் இருக்கிறது. இது நாடா கோத்த பருத்தி உள்பாவாடைக்கு மாற்றாக வந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடலோடு ஒட்டி இறங்கி, அதற்குக் கீழே சற்று விரிந்து, ஒரு பக்கம் திறப்பு வைத்துத் தைக்கப்பட்டது. நானூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை விலைகள் உண்டு. நடுத்தர விலையில் ஒன்றை வாங்கி, கோடைக்காலத்தில் கல்லூரிக்கும் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் உடுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்பதால், இந்த ஆடையை என் வயதுப் பெண்கள் எப்படிப் பார்க்கிறார்கள், பத்தொன்பது வயது மாணவிகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற இரண்டையும் அருகிலிருந்து காண முடிந்தது. அந்த வேறுபாடுதான் இந்த மதிப்புரையைத் துணியின் தரத்தோடு நிறுத்திக்கொள்ள விடவில்லை.

துணியைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. நைலானும் ஸ்பாண்டெக்ஸும் கலந்த பின்னல் துணி. இழுத்தால் விரிந்து மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது, பல முறை துவைத்த பிறகும் தொய்யவில்லை. ஆரணிப் பட்டு போன்ற கனமான சேலைக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. கொசுவம் சரியாமல் நிற்கிறது, இடுப்பைச் சுற்றித் துணி மடிப்பு மடிப்பாகத் தங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நாடா இல்லை. நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பைச் சுற்றிக் கருத்த தழும்பு விழாத பெண்கள் நம் பக்கம் அரிது. அந்தத் தழும்பு அரித்துப் புண்ணாகி ஆறாமல் நீடிப்பதும் தோல் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. அகலமான எலாஸ்டிக் பட்டை எடையை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்பிவிடுவதால் அந்தத் தொல்லை குறைகிறது. நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களுக்கு, சரியான அளவில் கிடைத்தால், இது ஒரு நல்ல மாற்று என்று தயங்காமல் சொல்வேன்.

வேலூரின் வெயிலில் இது தரும் துன்பமும் சிறியதல்ல. ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், வியர்வையை உறிஞ்சாத துணியை முழங்கால் வரை ஒட்டி உடுத்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து போவது கடினம். வேர்க்குருவும், தொடை இடுக்கில் படர்தாமரையும் வர வாய்ப்புண்டு. ஏற்கனவே அந்தத் தொல்லை உள்ளவர்கள் கோடையில் இதைத் தவிர்ப்பது நல்லது. பேருந்துப் படி ஏறும்போது பக்கத் திறப்பு போதுமான அளவு இல்லையென்றால் காலை எட்டி வைக்க முடிவதில்லை.

இன்னொன்று இவற்றைவிட முக்கியமானது. வயிற்றை இறுக்கும் இந்த ஆடையோடு பந்தியில் உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டை முழுமையாகச் சாப்பிட முடிவதில்லை. பாதி இலையிலேயே வயிறு அழுத்துகிறது, நெஞ்சு எரிகிறது. இதை நான் ஒரு குறையாகச் சொல்கிறேன். ஆனால் என்னோடு ஒரு திருமணத்துக்கு வந்திருந்த இளம்பெண்கள் சிலர் இதை ஒரு நன்மையாகவே சொன்னார்கள். "நல்லதுதானே மேடம், ரெண்டு வாய்க்கு மேல இறங்காது, தானா குறைஞ்சிடும்" என்று என் மாணவி ஒருத்தி சொன்னபோது அவளுடைய குரலில் விளையாட்டு இல்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பதை அளவுப் பட்டியலைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். நான் முதலில் கேட்ட கடையில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நான்கு அளவுகள் மட்டுமே இருந்தன. எக்ஸ்எல் என்று எழுதியிருந்தது முப்பத்தாறு அங்குல இடுப்புக்கே இறுக்கமாக இருக்கும். பிள்ளை பெற்ற, நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேருக்கு அது பொருந்தும்? என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவிடம் விற்பனைப் பெண் "உங்களுக்கு சைஸ் வராதும்மா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். அவள் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை, கடையில் இருப்பதைச் சொன்னாள். கேட்டவர் மறுபேச்சு இல்லாமல் சேலையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். தயாரிப்பாளர் அந்த அளவைத் தைக்காதது கடையின் குறையாகத் தெரியவில்லை, அந்த அம்மாவின் உடம்பின் குறையாகவே அந்த இடத்தில் ஒலித்தது.

சேலை என்ற உடைக்கு இப்படி ஒரு நிலைமை இதற்கு முன் வந்ததில்லை. ஐந்தரை மீட்டர் துணிக்கு அளவு கிடையாது. திருமணத்தில் கட்டிய பட்டைக் கருவுற்றிருக்கும்போது வளைகாப்புக்குக் கட்டலாம், பிள்ளை பெற்று உடல் பெருத்த பின்னும் கட்டலாம், அறுபதாவது வயதில் மெலிந்த பின்னும் கட்டலாம், மகளுக்கும் பேத்திக்கும் கொடுக்கலாம். உள்பாவாடைக்குக்கூட உயரமும் சுற்றும்தான் கேட்பார்கள். நாடா மீதியைப் பார்த்துக்கொள்ளும். ரவிக்கை ஒன்றுக்குத்தான் அளவு தேவைப்பட்டது, அதையும் தையற்காரர் பிரித்துத் தைக்க உள்ளே துணி விட்டிருப்பார். உடல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு உருவான உடை இது. ஷேப்வேர் பாவாடை இந்த உடைக்குள் எழுத்து அளவுகளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. துணி உடலுக்கு ஏற்றாற்போல் மாறியது போய், உடல் துணிக்கு ஏற்றாற்போல் மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சேலை கட்டும் பெண்ணிடமும் வந்துவிட்டது. இந்த ஆடையிடம் எனக்கு உள்ள உண்மையான மனத்தாங்கல் இதுதான்.

அந்த எழுத்துகளும் நம் உடல்களை அளந்து வைத்தவை அல்ல. இந்தியாவுக்கென்று ஆயத்த ஆடை அளவு முறை நீண்ட காலமாக இல்லாததால், பிரிட்டிஷ், அமெரிக்க அளவுகளைத் தழுவி ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தைக்கிறது. ஒரே பெண் ஒரு கடையில் எல், அடுத்த கடையில் டபுள் எக்ஸ்எல். இதைச் சரிசெய்யத்தான் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் உதவியோடு, சென்னை உள்ளிட்ட ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000க்கும் மேற்பட்டோரை முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு அளக்கும் இந்தியாசைஸ் திட்டத்தைத் தொடங்கியது. இது தெரியாத ஒரு பெண், பழைய எல் பொருந்தவில்லை என்றால் தான் பெருத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறாள்.

இனி அட்டைப்பெட்டியின் மேல் உள்ள படம். நான் வாங்கியதிலும், கடையில் புரட்டிப் பார்த்த மற்றவற்றிலும், ஒரே மாதிரியான உடல்தான் இருந்தது: உயரமான, இடுப்பெலும்பு தெரியுமளவுக்கு மெலிந்த, வயிறு முற்றிலும் தட்டையான இளம்பெண். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். படத்தில் இருப்பவர் அதைவிட ஒரு சாணாவது உயரமாக இருப்பார். வயிற்றை அடக்கிக் காட்டும் ஆடை என்று சொல்லி விற்கிறார்கள். அடக்குவதற்கு வயிறே இல்லாத பெண்ணுக்கு உடுத்திக் காட்டுகிறார்கள். அது எனக்குப் பொருந்துமா, நான் உட்கார்ந்தால் சுருண்டு மேலே ஏறுமா என்று இந்தப் படத்திலிருந்து எதுவுமே தெரிந்துகொள்ள முடியாது. ஒரு பொருளின் படம் செய்ய வேண்டிய அடிப்படை வேலையையே அது செய்யவில்லை. சில பெட்டிகளில் 'முன்', 'பின்' என்று இரண்டு படங்கள் போட்டு, முன் படத்தில் அந்தப் பெண்ணை முகம் வாடியும் பின் படத்தில் சிரித்தும் நிற்க வைத்திருக்கிறார்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், ஒருவருடைய உடலமைப்பே அவர் வாழ்க்கையில் வெற்றி பெறாததற்குக் காரணம் என்று விளம்பரம் காட்டக்கூடாது என்ற கருத்து இருக்கிறது. அதை எழுதியவர்கள் எங்கள் பஜாருக்கு வந்து இந்தப் பெட்டிகளை ஒரு முறை பார்க்க வேண்டும்.

இந்தப் படத்தில் உள்ள உடல் எங்கே உருவாக்கப்பட்டது என்பது மறைவான செய்தி அல்ல. மேற்கத்திய ஆடை வடிவமைப்பாளர்கள் காட்சிக்கென்று ஒவ்வோர் ஆடையையும் ஒரே ஒரு மாதிரி அளவில் தைக்கிறார்கள்; அந்த அளவுக்குள் நுழையக்கூடிய பெண்ணுக்கே மேடையேறும் வேலை கிடைக்கிறது. மாதிரி அளவு சிறிதாகச் சிறிதாக, அதற்குள் நுழைய வேண்டிய உடல்களும் சிறிதாக வேண்டியிருந்தது. 2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டைச் சேர்ந்த லூயிசெல் ராமோஸ் என்ற 22 வயது மாடல், ஆடை அணிவகுப்பு மேடையிலிருந்து இறங்கியதும் மயங்கி விழுந்து இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன் என்ற மாடல், எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைத் தவிர்க்கும் மனநோயான அனோரெக்சியாவால் 21 வயதில் இறந்தார். அந்த ஆண்டு மாட்ரிட் நகரின் ஆடை வாரம், உடல் நிறை குறியீடு 18க்குக் கீழ் உள்ள மாடல்களை மேடையேற்ற மறுத்தது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது, பெரியவர்களுக்கு 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. இஸ்ரேல் 2012இல் இயற்றிய சட்டம் மாடல்களுக்கு அந்த 18.5ஐக் கட்டாயமாக்கியதோடு, உடலை மெலிதாகக் காட்டத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிடவும் சொன்னது. பிரான்ஸ் 2017இல் மாடல்களுக்கு மருத்துவச் சான்றிதழையும், திருத்திய படங்களுக்குக் குறிப்பையும் கட்டாயமாக்கி, குறிப்புப் போடாவிட்டால் 37,500 யூரோ அபராதம் என்று வைத்தது. அதே ஆண்டு எல்விஎம்எச், கெரிங் என்ற இரண்டு பெரும் ஆடம்பர ஆடைக் குழுமங்கள் மிகச் சிறிய அளவுகளில் ஒன்றான பிரெஞ்சு அளவு 32ஐத் தங்கள் மாடல் தேர்விலிருந்து நீக்குவதாக அறிவித்தன. அந்தத் தொழிலே தன் அளவுகோல் ஆளைக் கொல்லக்கூடியது என்று ஒப்புக்கொண்ட பிறகும், அதே அளவுகோல் ஓர் உள்பாவாடைப் பெட்டியின் மேல் ஏறி வேலூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. படத்தில் குறிப்பு போட்டால் மட்டும் தீர்ந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. திருத்திய படம் என்று எழுதியிருந்தாலும் பார்க்கிற பெண்ணின் மனக்குறை பெரிதாகக் குறைவதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன.

ஓர் ஆடை நோயை உண்டாக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. உண்ணுதல் கோளாறுகளுக்குப் பரம்பரை, மனப்பாங்கு, குடும்பச் சூழல், பட்ட கேலி எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் தொடங்கும் வாசல் ஒன்றுதான்: உடம்பைக் குறைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பது. அந்த எண்ணத்தைப் படங்களால் விதைக்க முடியும் என்பதற்கு ஃபிஜித் தீவுகளில் ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த ஆய்வு சான்று. பெருத்த உடலையே விரும்பிய ஒரு சமூகத்தில், 1995இல் தொலைக்காட்சி வந்த புதிதில் பள்ளி மாணவிகளில் 12.7 சதவீதத்தினரிடம் காணப்பட்ட கோளாறான உணவு மனப்பான்மை, 1998இல் 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தது. எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுப்பது முன்பு ஒருவரிடமும் இல்லை, பின்பு 11.3 சதவீதத்தினரிடம் இருந்தது.

பட்டினி உடலோடு நிற்பதில்லை, மனத்தையும் மாற்றிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள 36 ஆண்களுக்கு ஆறு மாத காலம் பாதி அளவு உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எந்நேரமும் உணவையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டு ஒதுங்கினார்கள். வளர்ந்த ஆண்களுக்கே அப்படியென்றால், ஹாஸ்டலில் காலைச் சிற்றுண்டியைத் தவிர்த்து, மதியம் பாதி சாப்பிடும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு என்ன ஆகும்? மாதவிடாய் தள்ளிப்போகிறது, பிறகு நின்றுவிடுகிறது. எலும்பு வலுவிழக்கிறது. தலைமுடி கொட்டுகிறது. வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் பல்லின் எனாமல் கரைகிறது, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறுகிறது. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமானவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். அவர்களிடம் போய்க் குறைவாகச் சாப்பிடுவதை அழகாக்கிக் காட்டுவது எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது.

இது மேலைநாட்டு நோய், நம் பெண்களுக்கு வராது என்ற எண்ணம் பெற்றோரிடம் வலுவாக இருக்கிறது. சென்னையில் மருத்துவ மாணவர்களிடையே நடத்தி 1998இல் வெளியான ஆய்விலேயே, முழு நோயாக முற்றாத, உண்ணுதல் தொடர்பான மனத்துயரம் பலரிடம் பதிவானது. நம் ஊரில் இது வெளிப்படும் விதமும் சற்று வேறு. "குண்டாகிவிடுவேன் என்று பயம்" என்று எந்தப் பெண்ணும் அம்மாவிடம் சொல்வதில்லை. பசிக்கவில்லை, வயிறு உப்புசமாக இருக்கிறது, சாப்பிட்டால் நெஞ்சைக் கரிக்கிறது என்றுதான் சொல்கிறாள். வயிற்றுக்கு மருந்து, அல்சர் மாத்திரை, விரதம் என்று மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

சத்துவாச்சாரியில் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்கா ஒருவர், மணப்பெண்கள் இப்போது அளவு கொடுக்கும் விதத்தைப் பற்றிச் சொன்னார். "இருக்கிற அளவுக்குத் தைக்க வேணாம்க்கா, ரெண்டு இஞ்ச் பிடிச்சே தைங்க, முகூர்த்தத்துக்குள்ள குறைச்சிடுவேன்னு சொல்லுதுங்க டீச்சர். நான் உள்ள துணி விட்டுத்தான் தைப்பேன். கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி அழுதுகிட்டு வந்து நிக்கும், பிரிச்சு விட்டுக் குடுப்பேன்." இந்த ஊரில் இதைப் பற்றி நான் கேட்டவற்றிலேயே மிகவும் அறிவார்ந்த பேச்சு இதுதான். ஷேப்வேர் பாவாடையின் உள்ளே பிரித்து விடத் துணி இல்லை. என் தங்கை மகள் தன் அளவு எல் என்று தெரிந்தும் எம் வாங்கி வைத்திருக்கிறாள். "அதுல நுழையற வரைக்கும் நைட்டு சாப்பாடு கட் பெரியம்மா" என்கிறாள். வாங்கிய ஆடையே அவளுக்கு ஒரு தேர்வாக மாறி அலமாரியில் தொங்குகிறது.

நம் மாவட்டப் பக்கத்திலேயே ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பல்லாயிரம் பெண்கள் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே 36ஆம் எண் அச்சுக்கும் 41ஆம் எண் அச்சுக்கும் ஒரே தோல், ஒரே தையல், ஒரே மரியாதை. 41 கேட்கிற காலைக் குறைத்துக்கொண்டு வரச்சொல்லி எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. இடுப்புக்கும் அதே நேர்மையோடு எண் போட்டு விற்க முடியும். எழுத்துக்குப் பதிலாக அங்குலத்தை அச்சிடலாம். இருபத்தாறிலிருந்து ஐம்பது வரை தைக்கலாம். பெட்டியின் மேல் நாற்பது அங்குல இடுப்புள்ள ஒரு பெண்ணை, உட்கார்ந்த நிலையிலும் படம் எடுத்துப் போடலாம். பெரிய அளவுகளைத் தைக்கும் நிறுவனங்கள் சில இருக்கின்றன. ஆனால் அவை கடையின் உள் அலமாரியில் இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள். தயங்காமல் கேளுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் முடிவைச் சொல்கிறேன். நாடாத் தழும்பால் துன்பப்படுகிறவர்களும், கனமான பட்டைக் கட்டி நீண்ட நேரம் நிற்க வேண்டியவர்களும் இதை வாங்கலாம். டேப் கொண்டு இடுப்பையும் பிட்டத்தையும் சாப்பிட்ட பிறகு அளந்துகொண்டு போங்கள். எழுத்தைப் பார்க்காமல் அட்டவணையில் உள்ள அங்குலத்தைப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். போட்டுக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை என்றால் அந்த அளவு உங்களுக்கு வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் தராத கடையில் வாங்க வேண்டாம். உள்ளாடை என்று காரணம் சொல்லிப் பல கடைகளில் மறுக்கிறார்கள், பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கோடைக்கு, அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்துப் பருத்தியில் தைத்துத் தரச் சொல்லித் தையற்கடையில் கேட்டால் இதில் பாதி விலைக்கு முடிந்துவிடும். கொசுவம் நிற்பதில் சிறிய வேறுபாடு இருக்கும், அவ்வளவே. நான் இப்போது கல்லூரிக்கு அதைத்தான் கட்டுகிறேன். பள்ளி, கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு இதைப் பரிசாக வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுப் பெண் தன் அளவுக்குச் சிறிய ஆடையை வாங்கி வைத்துக்கொண்டு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தால், சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போனால், மாதவிடாய் நின்றுபோனால், அழகுக்காகச் செய்கிறாள் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறும் முறையை இந்தியாவில் முன்கூட்டியே கைக்கொண்ட இடங்களில் அதுவும் ஒன்று, சாப்பாட்டோடு தொடர்புடைய இந்த நோய்க்கு அந்த முறை மிகவும் பொருந்தும். நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.